வாசல் நடையிலிருந்து லேண்டிங் வரை: மரத்தரையில் விட்டுப்போகும் கணக்குகள்

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் தெருத்தெருவாக ஒட்டி நிற்கும் விக்டோரியா காலத்து வீடுகளுக்கு உள்ளமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். முன்கதவைத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்தில் நீளமான நடை. அதன் ஓரமாகவே மாடிப்படி. படியேறி முடிந்ததும் படுக்கையறைக் கதவுகளும் குளியலறைக் கதவும் திறக்கும் சின்ன லேண்டிங். வீட்டில் எந்த அறைக்குப் போவதானாலும் இந்த இரண்டு இடங்களையும் மிதித்துத்தான் போகவேண்டும். விருந்தினர் கண்ணில் முதலில் படுவதும் இவைதான், முதலில் தேய்வதும் இவைதான். ஆனாலும் வரவேற்பறைக்கு மரத்தரை தேடும்போது காட்டும் கவனத்தில் பாதிகூட இந்த நடைக்குக் கிடைப்பதில்லை. “அதே பலகையை வெளியே வரைக்கும் போட்டுவிடுங்கள்” என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

கடையில் பேச்சு இரண்டு விஷயங்களைச் சுற்றியே போகும்: நிறம், கடினம். இரண்டும் தேவைதான். ஆனால் நடையில் ஒரு தரை பத்தாண்டு தாங்குமா, இருபதாண்டு தாங்குமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு. காலணியோடு வரும் மணல், மழைநீர், பலகை ஓடும் திசை, மேற்பூச்சைத் திரும்பப் புதுப்பிக்க முடியுமா என்பது, இவையே முதன்மை. லேண்டிங்கில் கேள்விகளே மாறிவிடுகின்றன. அங்கே படியின் உயரம், ஓசை, வழுக்கல், பலகைக்கு அடியில் ஓடும் குழாய்கள் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். ஒரே மாடிப்படியால் இணைந்திருந்தாலும் இவை இரண்டு தனித்தனித் தரைகள். அப்படி நினைத்துத் தேர்ந்தெடுத்தால்தான் செலவழித்த பணம் நிற்கும்.

கடினத்திலிருந்தே தொடங்கலாம். மரத்தின் கடினத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோல் ஜான்கா எண். ஆஸ்திரியரான காப்ரியேல் ஜான்கா 1906ல் வகுத்த சோதனை அது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு மரத்துக்குள் பாதி இறங்க எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் கணக்கு. வட அமெரிக்க வெள்ளை ஓக்குக்கு ஏறத்தாழ 1360 பவுண்டு, சிவப்பு ஓக்குக்கு 1290, ஹிக்கரிக்கு 1820. தேக்கு ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும், கருநிற வால்நட்டும் அதே அளவுதான். கிழக்கு வெள்ளைப் பைனுக்கு வெறும் 380. தென்னமெரிக்காவின் ஜட்டோபா 2300ஐத் தாண்டிவிடும்.

இந்த எண்கள் பள்ளம் விழுவதைப் பற்றியவை. பெட்டி கீழே விழுந்தால், கூர்மையான குதிகால் செருப்பு அழுத்தினால் என்ன ஆகும் என்று ஜான்கா சொல்லும். ஆனால் நடையில் தரை பழுதாவது பெரும்பாலும் பள்ளத்தால் அல்ல, கீறலால். தெருமணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7ஆம் இடம். எந்த மரமும், மரத்தின் மேல் பூசும் எந்தச் சாதாரண வார்னிஷும் அதற்கு முன் நிற்காது. காலணியின் அடியில் ஒட்டி வரும் மணல் ஒவ்வொரு அடிக்கும் உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. ஜட்டோபா போட்டாலும் பைன் போட்டாலும் முதலில் அறுபடுவது மேற்பூச்சுதான். அது போன பிறகே மரத்தின் முறை வரும்.

அதனால் நடைக்கான மரத்தரைத் தேர்வு வாசல் மிதியடியிலிருந்து தொடங்கவேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. பழைய பிரிட்டிஷ் வீடுகளில் முன்கதவுக்குள் தரையிலேயே பள்ளம் விட்டு, தரைமட்டத்துக்குச் சமமாகத் தடித்த தென்னைநார் மிதியடியைப் பதித்தார்கள். அந்த நார் கேரளக் கரையிலிருந்து போனது. ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் 1859ல் தொடங்கிய ஆலையோடு கயிறு மிதியடி தொழிற்சாலைச் சரக்காகி, ஐரோப்பிய வாசல்களுக்குக் கப்பலேறியது. பள்ளத்தில் பதித்த மிதியடி நகராது, தடுக்காது, கதவை உரசாது. புதுத் தரை போடும்போது அந்தப் பள்ளத்தை மூடிவிட்டு ஒற்றைப் பலகைப் பரப்பாக வாசல்வரை இழுப்பது இப்போதைய பாணி. பார்க்க அழகுதான். ஆனால் இரண்டு காலும் இரண்டு முறை பதிய இடம் தரும் மிதியடி அங்கே இல்லாவிட்டால் முதல் இரண்டு மீட்டர் மரம் சீக்கிரமே மங்கிவிடும்.

தமிழர் வீடுகளில் காலணியை வாசலிலேயே கழற்றும் வழக்கம் மரத்தரைக்கு மிகப்பெரிய பாதுகாப்பு. உள்ளறைகளுக்கு மணல் போவதே இல்லை. ஆனால் அந்த மணலும் குளிர்கால ஈரமும் முழுக்க ஓரிடத்தில், நடையின் தொடக்கத்தில், செருப்படுக்குக்குக் கீழே சேர்கின்றன. ஐந்து ஜோடி நனைந்த ஷூக்களிலிருந்து இரவெல்லாம் நீர் கசிந்தால் ஓக் பலகை கறுக்கும். ஓக்கில் டானின் அதிகம். ஈரத்தோடு சிறிதளவு இரும்பு சேர்ந்தாலே, ஓர் ஆணித்தலையோ ஷூவின் உலோக வளையமோ போதும், அது நீலம் கலந்த கறுப்புக் கறையாகிவிடும். தேய்த்து எடுக்க முடியாத ஆழத்துக்கும் போகும். செருப்படுக்கின் கீழே ஒரு தட்டு வைப்பது, விலையுயர்ந்த மரத்தைத் தேடுவதைவிட அதிகம் பயன் தரும்.

நீர் மரத்தரைக்கு எதிரி என்பது புதிய பாடம் அல்ல. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் அறைகளுக்குப் பளிங்குத் தரை போட்டிருந்தார்கள். அதைக் கழுவிய நீர் கீழே இறங்கி, தரையைத் தாங்கிய உத்திரங்களை அழுகவைத்தது. 1684ல் பளிங்கை எடுத்துவிட்டு, கோணலாகப் பின்னிய ஓக் பார்க்கே பதித்தார்கள். வெர்சாய் பார்க்கே என்று இன்றும் விற்கும் அந்தச் சதுர வடிவத்துக்குப் பெயர் வந்தது அப்படித்தான். தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கமுள்ள வீட்டில் மரத்தரை போட்டால் அந்தப் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டாகவேண்டும். நன்றாகப் பிழிந்த துணிக்கு மேல் எதுவும் கூடாது.

அடுத்தது திசை. நடையில் பலகையை நீளவாக்கில் ஓடவிட வேண்டும் என்று தச்சர்கள் எல்லாரும் சொல்வார்கள். கேட்டால், பார்வைக்கு நீளம் கூடும் என்பார்கள். அதைவிட வலுவான காரணம் மரத்தின் உடம்பிலேயே இருக்கிறது. ஈரம் ஏறி இறங்கும்போது மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. அகலவாக்கில்தான் விரிந்து சுருங்குகிறது. சாதாரணமாக அறுத்த ஓக் பலகையில் ஈரம் 1 விழுக்காடு மாறினால் அகலம் ஏறத்தாழ 0.36 விழுக்காடு மாறும். பிரிட்டிஷ் வீட்டில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும்போது மரத்தின் ஈரம் 8 விழுக்காட்டை ஒட்டி இறங்கும், கோடையில் 12ஐ ஒட்டி ஏறக்கூடும். நான்கு விழுக்காடு வேறுபாட்டுக்கு ஒரு மீட்டர் அகல நடையில் அசைவு சுமார் 14 மில்லிமீட்டர். சுவரோரம் இருபுறமும் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூடிவிடலாம். அதே பலகையைக் குறுக்கே போட்டால் அசைவு ஆறு மீட்டர் நீளத்துக்கும் சேர்ந்துகொண்டே போகும். காகிதக் கணக்கில் அது 80 மில்லிமீட்டரைத் தாண்டும். ஆணியும் பசையும் அதை ஓரளவு அடக்கும் என்றாலும், அடக்கிய விசை எங்காவது வெளிப்படும். கோடையில் பலகை மேடுதட்டும், குளிர்காலத்தில் இடுக்கு விழும்.

முழுப் பலகையா, எஞ்சினியர்டு பலகையா என்ற கேள்விக்கும் விடை இதிலிருந்தே வருகிறது. மர அடுக்குகளின் ரேகையை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டினால் ஓர் அடுக்கின் அசைவை அடுத்த அடுக்கு பிடித்து நிறுத்தும். ஸ்வீடனின் நீப்ரோ நகரில் இயங்கும் சேர்ஸ் நிறுவனம் 1941ல் பல அடுக்குப் பலகைக்குக் காப்புரிமை பெற்றது. இன்று கடைகளில் கிடைக்கும் எஞ்சினியர்டு பலகைகள் அந்த வழியில் வந்தவை. மேலே உண்மையான ஓக் அல்லது வால்நட், கீழே பிளைவுட்டோ பைன் அடுக்கோ. தரைக்கடியில் சூடேற்றும் குழாய் இருந்தாலோ, தரை கான்கிரீட்டாக இருந்தாலோ இதுவே சரியான தேர்வு. சூடேற்றும் தரையில் மரத்தின் மேற்பரப்பு 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

எஞ்சினியர்டு வாங்கும்போது கேட்கவேண்டிய ஒரே கேள்வி மேலடுக்கின் தடிமன். பலகையின் மொத்தத் தடிமனைப் பெரிய எழுத்தில் போட்டு, மேலடுக்கைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த மேலடுக்கை இயந்திரம் வைத்துத் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது. தேய்ந்தால் அடியிலுள்ள பிளைவுட்தான் தெரியும். 4 மில்லிமீட்டர் இருந்தால் இரண்டு மூன்று முறை தேய்க்கலாம், 6 இருந்தால் முழுப் பலகைக்கு நிகர். படுக்கையறைக்கு மெல்லிய மேலடுக்கு போதும். நடைக்குப் போதாது. வீட்டிலேயே அதிகம் மிதிபடும் தரைக்குத்தான் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும் வாய்ப்பு வேண்டும். ஆனால் ஒரே சரக்கை வீடு முழுக்கப் போடும் அவசரத்தில் இதுவே தவறிப்போகிறது.

லாமினேட் மரமல்ல. மரத்தின் படம் அச்சிட்ட காகிதத்தைப் பிசினில் ஊறவைத்து, அழுத்திய நார்ப்பலகை மேல் ஒட்டியது. ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977ல் கண்டுபிடித்தது. அதன் மேற்பரப்பில் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் இருப்பதால் மணலுக்கு நன்றாகவே தாங்கும். தேய்மானத்தைத் தாங்கும் திறனில் ஏசி4 தரம் இருந்தால் நடைக்கு ஒத்துவரும். ஆனால் விளிம்பில் நீர் புகுந்தால் நார்ப்பலகை ஊதிவிடும். ஊதிய பலகையைச் சரிசெய்ய வழியில்லை.

மேற்பூச்சில் லாக்கர், எண்ணெய் என இரண்டு பிரிவு. லாக்கர் மரத்தின் மேல் படலமாக நிற்கும், கெட்டியானது, துடைக்க எளிது. ஆனால் நடையின் நடுவே ஒற்றையடிப் பாதைபோல் அது தேய்ந்து அறுபட்டபின் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட முடியாது. முழுத் தரையையும் தேய்க்கவேண்டும். மெழுகு கலந்த எண்ணெய்ப்பூச்சு மரத்துக்குள் இறங்கி நிற்கும். லாக்கரைவிடச் சீக்கிரம் மங்கும் என்பது உண்மை. ஆனால் மங்கிய முதல் இரண்டு மீட்டரை மட்டும் ஒரு சனிக்கிழமை காலையில் துடைத்து, மென்மையாக உரசி, திரும்பப் பூசிவிடலாம். மற்ற அறைகளுக்கு எதுவானாலும் நடைக்கு எண்ணெய்ப்பூச்சே உகந்தது. தேய்மானம் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்த இடம் அது. அந்த இடத்தை மட்டும் பழுதுபார்க்க முடிகிற பூச்சுதான் அங்கே வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன் காலுக்கடியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. விக்டோரியா கால வீட்டின் நடையில் கம்பளத்தையும் ஹார்ட்போர்டையும் எடுத்தால், சில சமயம் மரமே இராது. மின்டன், மா போன்ற நிறுவனங்கள் செய்த வண்ண ஓடுகள் வடிவக்கோலத்தோடு வெளிப்படும். அவற்றின் மேல் ஆணியடித்து மரம் போடுவது பெரிய இழப்பு. மரம் இருந்தால் அது பெரும்பாலும் பால்டிக் கரையிலிருந்தோ ஸ்காண்டினேவியாவிலிருந்தோ வந்த பைன். குளிர்நாட்டில் மெதுவாக வளர்ந்த அந்த மரத்தில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். இன்றைய தோட்டத்துப் பைனைவிட அது உறுதியானது. அன்று அதைத் திறந்து காட்டவேண்டும் என்று போடவில்லை. ஓரங்களில் கறுப்புச் சாயம் பூசி, நடுவே கம்பளம் விரித்தார்கள். அந்தக் கறுப்புக் கரை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

பழைய பலகையைத் தேய்த்து எடுக்கும் வேலையில் உடல்நலக் கேள்வி ஒன்று உண்டு. 1960களுக்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் சாதாரணமாக இருந்தது. சோதிக்காமல் இயந்திரம் வைத்தால் ஈயத்தூள் வீடு முழுக்கப் பரவும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது ஆபத்து. கருப்புத் தார்ப்பசையில் ஒட்டிய பழைய பார்க்கே கட்டைகளிலும் எச்சரிக்கை வேண்டும். பழைய ஒட்டுப்பசைகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. மரத்தூளையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முகமூடியும் தூள் உறிஞ்சும் கருவியும் இல்லாமல் தேய்ப்பு வேலைக்கு ஆளை இறக்கக்கூடாது.

கீழ்த்தளப் பலகைகளுக்கு அடியில் காற்று ஓடவேண்டும். வெளிச்சுவரின் அடியில் தெரியும் துளைச்செங்கற்கள் அதற்காகவே வைத்தவை. குளிருக்குப் பயந்து அவற்றை அடைத்தால் சில ஆண்டுகளில் உத்திரம் உளுத்துவிடும்.

இனி மாடிக்கு. லேண்டிங்கில் மரம் பதிக்கும்போது பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. மாடிப்படியின் ஒவ்வொரு படியும் ஒரே உயரமாக இருக்கவேண்டும். இங்கிலாந்தின் கட்டட விதிகளில் கே ஆவணம் வீட்டுப் படிக்கு 220 மில்லிமீட்டர்வரை உயரம், 42 டிகிரிவரை சாய்வு என்று எல்லை வகுத்து, படிகள் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு வீட்டில் படிகள் 190 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கீழே நடையில் 15 மில்லிமீட்டர் பலகை ஏறினால் முதல் படி 175 ஆகிவிடும். மேலே லேண்டிங்கிலும் அதே பலகையை ஏற்றி, படிகளை அப்படியே விட்டால் கடைசிப் படி 205. நடுவிலுள்ளவை 190. காலுக்குப் படியின் உயரம் மூன்றாம் படியிலேயே பழகிவிடும். அதன்பின் கண் பார்ப்பதில்லை. கடைசி அடியில் 15 மில்லிமீட்டர் கூடினால் கால்விரல் விளிம்பில் இடிக்கும். இறங்கும்போது எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் ஆழத்தில் கால் விழும். அதுவும் படிக்கட்டின் உச்சியில், விழுந்தால் முழு உயரமும் விழவேண்டிய இடத்தில்.

இதற்கு மூன்று வழிகள்தாம். படிகள் மேலும் அதே தடிமனில் மரம் பதிப்பது, லேண்டிங்கின் பழைய பலகையை எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதியதை உத்திரத்தின் மேல் நேரடியாகப் போடுவது, அல்லது பழைய பலகையையே தேய்த்து வைத்துக்கொள்வது. முதல் வழியில் படியின் விளிம்புக்கு நோசிங் துண்டு தேவைப்படும். அது பலகை மட்டத்துக்கு மேலே துருத்தினாலும் தடுக்கும். இரண்டாம் வழிக்குக் குறைந்தது 18 முதல் 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள, எடை தாங்கும் பலகை வேண்டும். மெல்லிய எஞ்சினியர்டு பலகை உத்திரங்களுக்கு நடுவே வளையும். பணம் குறைவாகவும் விபத்து இல்லாமலும் முடிவது மூன்றாவது வழி.

லேண்டிங்குக்கு அடியில்தான் வீட்டின் சூடேற்றும் குழாய்களும் மின்கம்பிகளும் அறைக்கறை பிரிந்து போகின்றன. குழாய்க்காரரும் மின்பணியாளரும் முதலில் தூக்கும் பலகை லேண்டிங் பலகைதான். நாக்கும் காடியுமாகக் கோத்து, பசையிட்டு முழுக்க மூடிவிட்டால் அடுத்த ஒழுகலுக்குத் தரையை அறுக்கவேண்டியிருக்கும். ஒரு பலகையையாவது ஆணிக்குப் பதில் திருகாணியால் இறுக்கி, எடுத்து மாட்டும் மூடியாக விடுவது அறிவுள்ள வேலை. கிறீச்சிடும் பழைய பலகையையும் திருகாணி அமைதிப்படுத்தும். அதை இறுக்கும் முன் கீழே குழாய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளவேண்டும்.

ஓசை வீட்டுக்குள்ளே சிறு தொல்லை, அடுக்குமாடியில் பெரிய சண்டை. இங்கிலாந்தில் 2003 முதல் நடைமுறையில் உள்ள இ ஆவணத்தின்படி, ஒரு வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் இடையிலுள்ள தளத்தில் காலடியோசை புதுக்கட்டடமானால் 62 டெசிபெலையும், பழைய வீட்டைப் பிரித்துக் கட்டியதானால் 64 டெசிபெலையும் தாண்டக்கூடாது. கம்பளத்தை எடுத்துவிட்டு வெறும் பலகையைத் திறந்தால் கீழ்வீட்டுக்குக் கேட்கும் ஓசை பன்மடங்காகும். அதனால்தான் பல குத்தகைப் பத்திரங்கள் மரத்தரையையே தடுக்கின்றன. பலகை வாங்கும் முன் பத்திரத்தை வாசிக்கவேண்டும்.

வழுக்கலைப் பொறுத்தவரை, பிரிட்டனில் ஊசல் சோதனையில் 36க்கு மேல் மதிப்பு வந்தால் வழுக்கும் அபாயம் குறைவு என்று கொள்கிறார்கள். பளபளப்பைவிட மங்கலான பூச்சு லேண்டிங்குக்கு ஏற்றது. வெறுங்காலில் நடக்கும் வீட்டில் கவலை குறைவு. குளிருக்கு சாக்ஸ் போட்டுக்கொண்டு இரவில் குளியலறைக்குப் போகும் முதியவருக்குத்தான் அபாயம் அதிகம். படியின் உச்சியில் ஒட்டாத சின்ன விரிப்பைப் போடவே கூடாது. நடையிலிருந்து படி வழியாக லேண்டிங்வரை நடுவே அழுத்திப் பொருத்திய கம்பளப் பட்டை ஓசைக்கும் வழுக்கலுக்கும் தேய்மானத்துக்கும் ஒரே மருந்து. இருபுறமும் மரம் தெரியும் என்பதால் அழகும் கெடாது.

மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதையும் வாங்குபவர் கேட்கவேண்டும். அமெரிக்காவின் லம்பர் லிக்விடேட்டர்ஸ் நிறுவனம், ரஷ்யத் தூரக்கிழக்கில் சைபீரியப் புலிகள் வாழும் காடுகளில் சட்டத்துக்குப் புறம்பாக வெட்டிய ஓக் சம்பந்தப்பட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2016ல் 1.3 கோடி டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. பர்மா தேக்குக்கு இன்றும் மதிப்பு அதிகம். ஆனால் 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியான்மரின் அரசு மர நிறுவனத்தின் மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் தடை விதித்தன. இப்பே, குமாரு போன்ற தென்னமெரிக்க மரங்கள் 2024 நவம்பர் முதல், அரிய உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஒரு மீட்டர் அகல நடைக்கு இவ்வளவு அரிய மரம் தேவையே இல்லை. ஐரோப்பிய ஓக்கும் ஆஷும் அந்த வேலையை நன்றாகச் செய்யும். பழைய பள்ளிக்கூடங்களை இடிக்கும்போது கிடைக்கும் தேக்கு, இரோக்கோ, பிட்ச் பைன் கட்டைகளுக்காக ஒரு மரத்தையும் புதிதாக வெட்டவேண்டியதில்லை.

பலகை வாங்கும்போது தேவைக்கு மேல் ஒரு கட்டு சேர்த்து வாங்கி, பரணில் அல்லாமல், குளிரும் ஈரமும் அதிகம் மாறாத அறையில் படுக்கவைத்துப் பாதுகாக்கவேண்டும். ஐந்தாண்டு கழித்து அதே அகலமும் அதே காடியும் கடையில் கிடைப்பது அரிது. மாற்றிப் போட்ட பலகை முதலில் வெளிறித் தெரியும். வெளிச்சம் பட்டுப் பட்டு, ஓரிரு ஆண்டுகளில் ஓக் பக்கத்துப் பலகையின் நிறத்துக்கு வந்துவிடும்.